பல் கம்பி, தூக்குப்பல், தாடைக் குறைபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் வரிசை கோணலாக இருக்கிறது என்று வரும் எவரிடமும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குறை பல்லிலா, தாடையிலா? பல்லில் என்றால் எந்த வயதிலும் சரிசெய்யலாம். தாடையில் என்றால் வயது ஒரு கெடு வைக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டில்தான் நிற்கின்றன.

குறை பல்லிலா, தாடையிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் செய்யக்கூடியது: பிள்ளையை நேராக நிற்க வைத்து, கடைவாய்ப்பற்களைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மூக்கு, உதடு, மோவாய் மூன்றும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். மோவாய் உள்வாங்கிக் கழுத்தோடு ஒட்டியதுபோல் இருந்தால் தூக்குப்பல்லுக்குப் பின்னால் சிறிய கீழ்த்தாடை இருக்க வாய்ப்புண்டு. மோவாய் சரியாக இருந்து பல் மட்டும் முன்னால் வந்திருந்தால் அது பல்லின் வேலை.

மருத்துவமனையில் வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் அச்சு அல்லது ஸ்கேன், முகப் படங்கள் ஆகியவற்றை எடுப்பார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோணங்களை அளந்துதான் எந்தத் தாடை முன்னே, எந்தத் தாடை பின்னே என்று சொல்ல முடியும். இந்த எக்ஸ்ரே இல்லாமல், வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் "கம்பி போட்டுவிடலாம்" என்று நாள் குறித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சீட்டில் "கிளாஸ் 1, 2, 3" என்று எழுதியிருப்பது எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் வகுத்த முறை. மேல், கீழ் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதே அதன் அடிப்படை. இரண்டாம் வகையில் கீழ்ப்பல் பின்தங்கி நிற்கும், மூன்றாம் வகையில் முன்தள்ளி நிற்கும். அந்த எண் காரணத்தைச் சொல்லாது. பால்பல் சீக்கிரம் போனதால் கடைவாய்ப்பல் நகர்ந்தவருக்கும், தாடையே வளராதவருக்கும் ஒரே "கிளாஸ் 2" வரலாம். சிகிச்சையோ முற்றிலும் வேறு.

எந்த வயதில் காட்ட வேண்டும்? எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும் என்கிறார்களே?

7 வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசையைச் சீராக்கும் மருத்துவர்) சங்கம் சொல்லும் வயதும் இதுதான். 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வந்துவிடும், முன்பற்கள் மாறத் தொடங்கியிருக்கும். கடி எந்தப் பக்கம் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். காட்டுவது என்றால் கம்பி போடுவது என்று பொருளல்ல. பெரும்பாலான பிள்ளைகளை "11, 12 வயதில் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு: மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொள்வது, கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது, குறுகிய அண்ணம், மூன்றாம் வகைத் தாடை, விரல் சூப்புவது. பல் மிகவும் தூக்கலாக இருந்து விளையாட்டில் விழுந்து உடையும் அபாயம் இருந்தாலும் முன்கூட்டியே தொடங்கலாம். அந்தக் காரணம் இல்லாமல் சாதாரணத் தூக்குப்பல்லுக்கு 8 வயதில் ஒருமுறை, 12 வயதில் ஒருமுறை என இரண்டு கட்டமாகச் செய்வதால், 12-இல் ஒரே கட்டமாகச் செய்வதைவிட நல்ல முடிவு கிடைப்பதில்லை. செலவுதான் இரட்டிப்பு.

பால்பல் எப்படியும் விழப்போவதுதானே, சொத்தையானால் பிடுங்கிவிட்டால் என்ன?

முன் பால்பல் என்றால் பெரிய கேடில்லை. பின்னால் உள்ள பால் கடைவாய்ப்பல் 10 முதல் 12 வயது வரை இடம் காத்து நிற்க வேண்டியது. அதை 6 வயதில் எடுத்தால், பின்னாலிருந்து நிரந்தரக் கடைவாய்ப்பல் சாய்ந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் வர வேண்டிய பல் உள்ளேயே சிக்கும், அல்லது வரிசைக்கு வெளியே முளைக்கும். பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, காலி இடத்தின் குறுக்கே ஒரு கம்பி வளைவு நிறுத்தும் "ஸ்பேஸ் மெயின்டெய்னர்" இதைத் தடுக்கும். பின்னாளில் நான்கு பல்லை எடுத்து இரண்டு வருடம் கம்பி போடுவதோடு ஒப்பிட்டால் சின்ன வேலை. புதுப்பல் தலைகாட்டியதும் மறக்காமல் கழற்ற வேண்டும்.

விரல் சூப்புகிறான். வேப்பெண்ணெய் தடவியும் நிற்கவில்லை.

4 வயது வரை கவலை வேண்டாம். நிரந்தர முன்பல் வரும் 6 வயதுக்குள் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் மேல் பல் முன்னே தள்ளும், மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே திறப்பு விழும், கன்னத் தசைகளின் அழுத்தத்தால் மேல்தாடை குறுகும். கசப்பு தடவுவது விழித்திருக்கும் நேரத்தில்தான் உதவும். தூக்கத்தில் சூப்புகிற பிள்ளைக்கு இரவில் மெல்லிய காட்டன் கையுறை மாட்டலாம், அதுவும் பலிக்காவிட்டால் அண்ணத்தில் கம்பித் தடுப்பு வைக்கலாம். பிள்ளையே விட விரும்பும்வரை எந்தக் கருவியும் பாதி வேலைதான் செய்யும்.

வாயைத் திறந்து மூச்சுவிடும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கி மூக்கு அடைத்திருந்தால் பல்லில் செய்வது எதுவும் நிலைக்காது.

அண்ணத்தை அகலப்படுத்தும் கருவிக்குச் சாவி கொடுத்திருக்கிறார்கள். எப்படித் திருப்புவது?

மேலண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் கோடு இருக்கிறது. வளரும் வயதில் அது முழுதாக இறுகியிருக்காது. கருவியிலுள்ள திருகை ஒரு கால் சுற்று திருப்பினால் பொதுவாக 0.25 மி.மீ. விரியும். வழக்கமாக நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு திருப்பு, இரண்டு மூன்று வாரங்களுக்கு. பிள்ளையைப் படுக்க வைத்து, சாவியில் நூல் கட்டி அந்த நூலை உங்கள் விரலில் சுற்றிக்கொள்ளுங்கள் (சாவி தொண்டைக்குள் போகாமலிருக்க). துளையில் சாவியை நுழைத்து முன்பல் பக்கமிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ளுங்கள். அடுத்த துளை முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் திருப்பு முடிந்தது. சாவியை வெளியே எடுக்கும்போது திருகைப் பின்னோக்கி இழுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பதறி போன் செய்யாத பெற்றோர் குறைவு. எலும்பு பிரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பிறகு தானாகவே மூடிக்கொள்ளும். திருப்புவதை நிறுத்திய பின்னும் எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதம் கருவி வாயிலேயே இருக்க வேண்டும். 15, 16 வயதுக்குமேல் அந்தக் கோடு இறுகத் தொடங்குவதால் எலும்பு விரிவதற்குப் பதில் பல் வெளியே சாயும். பெரியவர்களுக்கு எலும்பில் திருகு பதித்தோ, அறுவை உதவியோடோதான் செய்ய முடியும்.

கீழ்த்தாடை சின்னது என்றார்கள். கருவி போட்டால் வளருமா?

வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் (பெண்களுக்குச் சுமார் 10–12, ஆண்களுக்கு 11–14) ட்வின் பிளாக் போன்ற கருவியைக் கொடுப்பார்கள். மேலும் கீழும் தனித்தனித் தட்டு, சாய்தளமாக வெட்டிய பிளாஸ்டிக் கட்டைகள். வாயை மூடினாலே கீழ்த்தாடை முன்னால் வந்து நிற்கும். 9 முதல் 12 மாதம், சாப்பிடும்போதும் சேர்த்து, நாள் முழுவதும் போட வேண்டும். முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் வடியும். பத்து நாளில் பழகிவிடும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: தூக்கல் குறைவதில் பெரும்பங்கு பல் நகர்வது, தாடை வளர்ச்சியின் பங்கு சில மில்லிமீட்டர்தான். நடுத்தரக் குறைபாட்டுக்கு அது போதும். தாடை மிகச் சிறியதாக இருந்தால் போதாது.

கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கிறது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

அப்பாவுக்கு இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மூன்றாம் வகை பரம்பரையாக வருவது வழக்கம். பல சமயம் உண்மையான குறை மேல்தாடை பின்தங்கியிருப்பதுதான். அப்போது 10 வயதுக்குள் நெற்றியிலும் மோவாயிலும் பதியும் முகக்கருவி மாட்டி, ரப்பரால் மேல்தாடையை முன்னால் இழுக்கலாம். பக்கத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் விசை, நாளுக்கு 12–14 மணி நேரம், 6 முதல் 12 மாதம். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை, மாலையும் இரவும் போதும். ஆனால் கீழ்த்தாடை 18 வயதையும் தாண்டி வளரலாம். சின்ன வயதில் சரியான கடி பதின்வயதில் மறுபடி மாறுவது உண்டு. அப்படி மாறினால் மருத்துவர் சிகிச்சையைக் கெடுத்துவிட்டார் என்று பொருளல்ல.

தெத்துப்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டால் போதாதா?

கூடாது. தெத்துப்பல் பெரும்பாலும் சிங்கப்பல்தான். அது 11–12 வயதில், மற்றவை இடம் பிடித்த பிறகு கடைசியாக வருவதால் மேலே ஏறி நிற்கிறது. குற்றம் அதனுடையதல்ல, இடமில்லை. வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான், உதட்டோரத்துக்கு வடிவம் தருவதும் அதுவே. இடம் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள முதல் முன்கடைவாய்ப்பல்லை எடுத்து, சிங்கப்பல்லைக் கீழே இறக்குவார்கள். தெத்துப்பல் அழகு என்று நினைப்பவர், சுத்தம் செய்ய முடிந்து ஈறும் நன்றாக இருந்தால், அப்படியே விட்டுவிடலாம். கட்டாயம் ஒன்றுமில்லை.

10 வயதிலும் மேல் ஈற்றில் சிங்கப்பல் புடைப்பு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுங்கள். பல் அண்ணத்துக்குள் படுத்திருக்கலாம். நேரத்தில் பால் சிங்கப்பல்லை எடுத்தாலே பலருக்கு அது திசை திரும்பிவிடும். தவறவிட்டால் ஈறைத் திறந்து, பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி இழுக்க வேண்டிவரும். அதைவிட மோசம், அது பக்கத்து முன்பல்லின் வேரைக் கரைப்பது.

நல்ல பல்லை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

கணக்குதான். ஒரு முன்கடைவாய்ப்பல் சுமார் 7 மி.மீ. அகலம். நெரிசல் 3, 4 மி.மீ. என்றால் பல்லின் ஓரங்களை இழைத்தோ, வளைவை விரித்தோ சமாளிக்கலாம். 8, 10 மி.மீ. நெரிசலை எடுக்காமல் அடுக்கினால் முன்பற்கள் வெளியே துருத்தும், உதடு மூடாது, ஈறு இறங்கும். பல்லும் உதடும் சேர்ந்து முன்தள்ளிய முகவாகு தமிழர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதால், இங்கே நான்கு பல் எடுக்கும் சிகிச்சை அடிக்கடி நடக்கிறது. "எடுக்காமலே செய்கிறோம்" என்பது தனியாக ஒரு தகுதி அல்ல, எடுக்காவிட்டால் உதடு எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

கம்பியை நன்றாக இறுக்கினால் சீக்கிரம் முடியுமா?

நேர்மாறு. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிப்பில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. மெல்லிய விசை கொடுத்தால், அழுத்தம் விழும் பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் இரண்டு நாளில் வேலையைத் தொடங்கும், இழுபடும் பக்கம் புது எலும்பு உருவாகும். அளவுக்கு மீறி அழுத்தினால் அந்தப் படலத்தில் ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துப்போகும். அதை அப்புறப்படுத்தவே வாரங்கள் ஆகும், அதுவரை பல் அசையாது, வேர் கரையும் அபாயமும் கூடும். பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும்.

மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நகரும். 7 மி.மீ. இடைவெளி மூட 7 மாதம், அதற்குமுன் வரிசைப்படுத்த 6 மாதம், கடைசியில் கடியைப் பொருத்த சில மாதம். 18–24 மாதம் என்பது இப்படி வருவது. முதலில் போடுவது 0.014 அல்லது 0.016 அங்குல உருண்டை நிக்கல்-டைட்டானியம் கம்பி. வாயின் சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். பிறகு தடிமன் கூட்டிக்கொண்டே போய், இடைவெளி மூடும்போது 0.019×0.025 அங்குலச் செவ்வக எஃகுக் கம்பிக்கு வருவார்கள். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட். தானே மூடிக்கொள்ளும் "செல்ஃப் லைகேட்டிங்" பிராக்கெட்டுகள் காலத்தைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

பிராக்கெட் அடிக்கடி கழன்று விழுகிறது. யார் தவறு?

ஒட்டும் முறை இது: பல்லை மெருகிட்டு, 37% பாஸ்பாரிக் அமிலத்தை 15–30 நொடி பூசி, கழுவி, காற்றடித்து உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் பசை தடவி பிராக்கெட்டை வைத்து, நீல ஒளியில் இறுக வைப்பார்கள். நடுவில் ஒரு துளி எச்சில் பட்டால் அந்தப் பல்லில் ஒட்டு பிடிக்காது. ஆகவே முதல் வாரத்தில் ஒன்று கழன்றால் பெரும்பாலும் ஈரம் காரணம். மூன்றாம் மாதம் கழன்றால் முறுக்கு கடித்தது காரணம். ஒரே பிராக்கெட் திரும்பத் திரும்பக் கழன்றால் எதிர்ப்பல் அதில் இடிக்கிறது. பின்பல்லில் பசைக்கட்டி வைத்துக் கடியை உயர்த்தச் சொல்லுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் அவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பழுப்பேறிய ஃபுளோரோசிஸ் பல்லின் மேற்பரப்பை அமிலம் எளிதில் அரிக்காது. அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோ, மேற்பரப்பை லேசாகச் சுரண்டியோ ஒட்ட வேண்டும். பழுப்புக் கறை இருந்தால் தொடக்கத்திலேயே ஊரைச் சொல்லிவிடுங்கள்.

கம்பி கன்னத்தில் குத்துகிறது, இரவு நேரம்.

குத்தும் இடத்தைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, பல் கம்பிக்கான மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்துங்கள். ஈரமாக இருந்தால் ஒட்டாது. கம்பி முனை நீட்டிக்கொண்டிருந்தால் பென்சிலின் ரப்பர் முனையால் பல்லோடு சேர்த்து மடக்கிப் பாருங்கள். கழன்ற பிராக்கெட் கம்பியிலேயே தொங்கினால் விட்டுவிட்டு, ஓரிரு நாளில் போய்க் காட்டுங்கள். மாதக்கணக்கில் விட்டால் அந்தப் பல் பழைய இடத்துக்கே திரும்பும். கம்பி போட்டதும், ஒவ்வொரு முறை மாற்றியதும், சில மணி நேரத்தில் வலி தொடங்கி மறுநாள் உச்சம் தொட்டு ஒரு வாரத்துக்குள் அடங்கும். பாராசிட்டமால் போதும்.

என்னென்ன சாப்பிடக் கூடாது?

முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ்கட்டி, எலும்பைக் கடிப்பது வேண்டாம். கொய்யா, ஆப்பிள், கேரட்டைச் சின்னதாக நறுக்கிப் பின்பல்லால் மெல்லலாம். சப்பாத்தி, பரோட்டாவை முன்பல்லால் இழுக்காதீர்கள். கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்துவைக்கும் நிறமற்ற ரப்பர் வளையங்களை, மஞ்சள் கலந்த குழம்பு இரண்டே நாளில் மஞ்சளாக்கும். பீங்கான் பிராக்கெட்டுக்கு அது நிறமேற்றாது, வளையத்தைத்தான் கெடுக்கும். அடர்நிற வளையம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எப்படித் துலக்குவது?

கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, 45 பாகைச் சாய்வில். பிராக்கெட்டுகளுக்கு நடுவே, கம்பிக்கு அடியில், சின்னக் கூம்பு பிரஷ். பற்பசைக் குழாயைத் திருப்பி ஃபுளோரைடு அளவைப் பாருங்கள்: 1000 முதல் 1500 பி.பி.எம். வேண்டும். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. தருமபுரிக்காரர் கேட்கலாம், எனக்குமா என்று. உங்களுக்கும்தான்: பல் முளைத்த பிறகு துப்பிவிடும் பசையால் ஃபுளோரோசிஸ் வராது.

சரியாகத் துலக்காவிட்டால் ஒரு மாதத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு தோன்றலாம். கம்பியைக் கழற்றியதும் வரிசை அழகாகவும் பல் திட்டுத் திட்டாகவும் இருக்கும். அந்தத் திட்டுகள் முழுதாகப் போவது அரிது.

அலைனர் போட்டால் கம்பியே வேண்டாமா?

அலைனர் என்பது கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் தட்டு வரிசை. லேசான நெரிசல், இடைவெளிக்கு நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு தட்டும் சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும். 1–2 வாரத்துக்கு ஒரு தட்டு, நாளுக்கு 22 மணி நேரம். காபி, டீ குடிக்கக் கழற்ற வேண்டும் என்பதால், நாளுக்கு ஐந்து காபி குடிப்பவருக்கு 22 மணி நேரம் என்பது கனவு. உருண்டைப் பற்களைச் சுழற்றுவது, பல்லைக் கீழே இறக்குவது, எடுத்த பல்லின் இடைவெளியில் வேரை நேராக நகர்த்துவது இவையெல்லாம் அதற்குக் கடினம். எக்ஸ்ரே எடுக்காமல் அஞ்சலில் தட்டு அனுப்புவோரைத் தவிருங்கள். ஈறு நோயுள்ள பல்லை நகர்த்தினால் அது ஆடும்.

இணையத்தில் பார்த்து, முன்பல் இடைவெளிக்குச் சாதாரண ரப்பர் பேண்ட் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லின் வேர் கூம்பு வடிவம். ரப்பர் மெல்ல மேலேறி ஈற்றுக்குள் மறைந்து, எலும்பை அரித்து, நல்ல பற்கள் இரண்டையும் விழ வைக்கும்.

40 வயதில் கம்பி போடலாமா?

போடலாம். முதலில் ஈறு நோயை அடக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள், பல் நகர்வதையே நிறுத்தக்கூடும். தாடை குறையைக் கம்பி தீர்க்காது.

அப்படியானால் தாடை அறுவை எப்போது?

வளர்ச்சி நின்ற பிறகு: பெண்களுக்கு ஏறக்குறைய 17–18, ஆண்களுக்கு 18–21. அறுவைக்குமுன் 12–18 மாதம் கம்பி. இந்தக் கட்டத்தில் முகம் இன்னும் மோசமாகத் தெரியும். தாடைக் குறையை மறைக்கப் பற்கள் இத்தனை நாள் சாய்ந்து நின்றிருக்கும், அவற்றை நிமிர்த்தினால் உண்மையான இடைவெளி வெளிப்படும். இதை முன்பே சொல்லாததால் பாதியில் விட்டுப்போகிறவர்கள் உண்டு.

வெட்டு பெரும்பாலும் வாய்க்குள்ளேதான். எலும்பைப் பிரித்து நகர்த்தி டைட்டானியத் தகடுகளால் பொருத்துவார்கள். வீக்கம் 2, 3 நாளில் உச்சம். 6 வாரம் மெல்லத் தேவையில்லாத உணவு: கஞ்சி, குழைத்த சாதம், கூழ். கீழ்த்தாடை அறுவையில் கீழுதடு மரத்துப்போவது வழக்கம். மாதங்களில் திரும்பும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகத் தங்கும். கையெழுத்துப் போடுமுன் இதைப் பேசித் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைக்கு வரிசை வேறு: உதடு 3–6 மாதத்தில், அண்ணம் 9–18 மாதத்தில், சிங்கப்பல் இறங்குமுன் 9–11 வயதில் ஈற்றுப் பிளவில் எலும்பு நிரப்புதல். பெற்றோர் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். எலும்பில்லாத இடத்தில் பல் இறங்காது. ஸ்மைல் டிரெயின் அமைப்பின் உதவியோடு பல மருத்துவமனைகளில் பிளவு அறுவை இலவசம்.

ரிடெய்னர் எத்தனை நாள்?

கம்பி கழற்றிய பின் பல் திரும்பாமல் பிடித்துவைக்கும் தட்டு இது. முதல் 6 மாதம் சாப்பிடும் நேரம் தவிர எப்போதும், பிறகு இரவில், வருடக்கணக்கில். பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டுக்கு மேல் எடுக்கும், சுழன்றிருந்த பல் முதலில் திரும்பும். பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீரில் பிளாஸ்டிக் உருமாறும். டிபன் கடையில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் இலையோடு போய்விடும், டப்பாவில் போடுங்கள். உடைந்தால் அந்த வாரமே புதிது செய்யுங்கள்.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

பி.டி.எஸ். முடித்து மூன்றாண்டு ஆர்த்தோடான்டிக்ஸ் எம்.டி.எஸ். படித்தவரிடம். மாதாமாதம் பார்க்கப்போவது அவரா, அவருடைய உதவியாளரா என்றும் கேளுங்கள். சொன்ன தொகையில் எக்ஸ்ரே, பல் எடுப்பது, கழன்ற பிராக்கெட், ரிடெய்னர் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். செலவு சுமையென்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் தனித் துறையே இருக்கிறது. காத்திருப்பு நீளம், ஆகவே சீக்கிரம் பெயர் பதியுங்கள்.

ஞானப்பல் தள்ளித்தான் கீழ்ப்பல் கோணிற்றா?

இல்லை. ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பல் நெரிகிறது. நெரிசலைத் தடுக்க என்று மட்டும் சொல்லி அதை எடுக்க வேண்டாம்.